கார்னெகியார் ஈட்டியதும் ஈந்ததும்

செல்வம் படைத்தார் ஒருவர் பள்ளியொன்று கட்டினாலும், சத்திரமொன்று அமைத்தாலும், அவர் பெயரைக் கல்லிற் பொறித்து அவரை வாழ்த்துதல் நம்மவர் வழக்கம். அது நன்றே. ஆனால் அப்பொருள் அவர் கைக்கு எவ்வழியாக வந்ததென்று வினவுதல் மட்டும் மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டு வருகின்றது. கொடுப்பாரைக் குறைகூறினால் கொடுக்குங் கை மூடிக்கொள்ளுமே என்னும் அச்சமும் அதிற் கலந்திருக்கின்றது. யாமும் சங்க காரியமாகப் பலர் வாயிலில் நன்கொடை வேண்டி நின்றவர்களே யாதலின், அவ்வச்சத்தை நன்கறிவோம். ஆயினும் அவ்வினாவை ஒரு முறையேனும் நேர்நின்று வினவிப் பார்த்தல் வேண்டும். அதன் பொருட்டு உயிரோடிருப்பார் எவரையும் எடுத்துக்கொள்ளாது, 1919-ஆம் ஆண்டில் மறைந்த அமெரிக்கச் செல்வர் ஆண்ட்ரூ கார்னெகியாரின் சரித்திரத்தை எடுத்துக்கொள்கின்றோம். தாம் ஈட்டியதிற் பெரும்பகுதியைத் தம் வாழ்நாளிலேயே ஈந்தவர் அவர். ஈதல் எங்ஙனம் நிகழவேண்டுமென்று கொள்கை வகுத்து எழுதியவரும் அவரே. ஆகவே அவரை ஆராய்வதில் அநீதியொன்றும் இல்லை.

கார்னெகியார் 1835-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ஆம் நாள், ஸ்காட்லாந்து தேசத்து டன்பர்ம்லின் என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் என்பவர் கைத்தறி நெசவாளர். பூவேலைப்பாடமைந்த லினன் துணிகளுக்கு அந்நகர் அக்காலத்திற் பேர்போனது. நீராவியால் இயங்குந் தறிகள் வந்தபின் கைத்தறிக்கு வேலை குன்றியது; வில்லியம் தம் தறிகளை விற்க நேர்ந்தது. நெசவை நம்பி வாழ்ந்த நம் நாட்டு ஊர்களுக்கு நேர்ந்த கதையும் இதுவே யாதலின் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாய்வழி மாமன்மாரோ ஏழைத் தொழிலாளர்க்கும் வாக்குரிமை வேண்டுமென்று கிளர்ச்சி செய்தவர்கள். அவ்வூரில் பிட்டன்கிரீப் என்றொரு பெருந்தோட்டம் இருந்தது. ஆண்டுக்கொருநாள் அதன் கதவு ஊராருக்குத் திறக்கப்படும். ஆனால் உரிமையாளரோடு வழக்காடிய குற்றத்திற்காக அம்மாமன்மார் குடும்பத்தார்க்கு மட்டும் அந்நாளிலும் திறவாது. சிறுவன் ஆண்ட்ரூ வேலிக்கு வெளியே நின்று மரங்களைப் பார்த்ததோடு சரி.

1848-இல் குடும்பத்தார் கடன் பெற்றுக் கப்பலேறி அமெரிக்கா சென்று, பிட்ஸ்பர்க் நகரை அடுத்த அலிகெனி என்னும் ஊரிற் குடியமர்ந்தனர். அன்னையார் இரவுகளில் அண்டை வீட்டுச் செம்மார் ஒருவர்க்குச் செருப்புத் தைத்துக் கொடுத்துக் கூலி பெற்றார். பிப்ஸ் என்னும் அச்செம்மாரின் மகன் ஹென்றி பின்னர் நம் சரித்திரத்தில் மீண்டும் வருவான். பதின்மூன்று வயதுச் சிறுவனாகிய ஆண்ட்ரூ, பஞ்சாலையில் நூற்கண்டு மாற்றும் வேலைக்குப் போனான். விடியுமுன் புகுந்து இருண்டபின் வெளிவருதல். வாரக் கூலி 1 டாலர் 20 சென்று. பின்னர் அவனுக்குத் தந்தி அலுவலகத்திற் சேவக வேலை கிடைத்தது.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துரைப்போம். அலிகெனியில் கர்னல் ஆண்டர்சன் என்னும் பெருந்தகை, தம்மிடமிருந்த சுமார் நானூறு புத்தகங்களைச் சனிக்கிழமைதோறும் தொழில் செய்யுஞ் சிறுவர்க்கு இரவல் கொடுத்து வந்தார். நாளடைவில் அது பெரியதோர் நூல்நிலையமாயிற்று. அதை நடத்தியவர்கள், கைத்தொழில் பயிலும் சிறுவர்க்கே இலவசமென்றும், ஏனையோர் ஆண்டுக்கு 2 டாலர் செலுத்த வேண்டுமென்றும் விதி செய்தனர். தந்திச் சேவகனுக்கு அது பெருந்தொகை. சிறுவன் அழுதானல்லன், கைகூப்பி நின்றானுமல்லன். 1853-இல் பிட்ஸ்பர்க் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதினான். கொடுத்தவர் கருத்து உழைக்குஞ் சிறுவர் அனைவரையும் உட்கொண்டதென்றும், அதைச் சுருக்குதற்கு நிர்வாகிக்கு அதிகாரமில்லை யென்றும் வாதித்தான். விதி மாற்றப்பட்டது, கதவு திறந்தது. கார்னெகியார் பிற்காலத்தில் ஆண்டர்சனுக்கு ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பினார். தாம் நிறுவிய நூல்நிலையங்கட்கெல்லாம் மூலம் அந்நானூறு புத்தகங்களே என்றுங் கூறிவந்தார். அஃது உண்மையே. ஆனால் அவர் உள்ளே புகுந்தது தானம் பெற்றவராக மட்டுமன்று, உரிமை கேட்டவராகவும் என்பதை அவரே பின்னர் எவ்வளவு நினைவிற் கொண்டிருந்தார் என்பதுதான் எமது ஐயம்.

அடுத்த இருபதாண்டுகளை விரைந்து கடப்போம். தந்தியொலியைக் காதாற் கேட்டே பெயர்க்கக் கற்ற இளைஞரை, பென்சில்வேனியா இருப்புப்பாதைக் கம்பெனியின் அதிகாரி தாமஸ் ஸ்காட் 1853-இல் மாதம் 35 டாலர் சம்பளத்தில் அமர்த்திக்கொண்டார். ஸ்காட் காட்டிய வழியில் பங்குகள் வாங்கினார். உழைக்காமலே இலாபப்பங்கு வீடு தேடி வருவதை முதன்முறை கண்டு வியந்தார். உள்நாட்டுப் போரின்போது தமக்குப் பதிலாக வேறொருவரைப் பணங்கொடுத்துப் படைக்கு அனுப்பினார். அது அந்நாளில் சட்டம் அனுமதித்த வழி. 1868-ஆம் ஆண்டு முடிவில், முப்பத்துமூன்று வயதில், ஆண்டு வருமானம் 50,000 டாலருக்கு மேல் வேண்டா, மிகுதியைப் பிறர்க்குச் செலவிட்டு இரண்டாண்டில் வியாபாரத்தை விட்டு விலகுவேன் என்று தனிமையில் தமக்குத் தாமே ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார். பொருளாசை தம்மை இழிவுபடுத்துமென்றும் அதில் அஞ்சியிருந்தார். விலகியதோ முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து.

எஃகுத் தொழிலில் அவர் பெற்ற வெற்றிக்குக் காரணங்கள் பல. பெஸ்ஸிமர் முறையால் எஃகை மலிவாக வார்க்கக் கூடுமென்று கண்டவுடன் அதிலே முதலீடு செய்தார். பிறர் அஞ்சியொடுங்கிய மந்தகாலத்திற் குறைந்த செலவில் ஆலைகளை விரிவுபடுத்தினார். 1875-இல் பிராடாக் என்னும் ஊரில் தொடங்கிய தண்டவாள ஆலைக்கு எட்கர் தாம்சன் ஆலை என்று பெயர். தாம்சன் என்பவர் தண்டவாளம் வாங்கும் இருப்புப்பாதைக் கம்பெனியின் தலைவர். வியாபாரிகளாகிய நேயர்கள் இதைப் படித்துப் புன்னகை செய்வர். எல்லாவற்றிலும் மேலானது கணக்கு. ஒரு டன் எஃகுக்குக் கரி எவ்வளவு, கனிமண் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதை இடைவிடாது கேட்டுப் பார்த்து, சென்ற மாதத்தினும் இம்மாதம் ஏதேனும் ஓர் இனம் உயர்ந்திருந்தால் மேலாளரைக் கேள்வி கேட்பார்.

பிராடாக் ஆலையின் மேலாளர் ஜோன்ஸ் என்பவர், உலையடியிற் பன்னிரண்டு மணி நேரம் மனிதன் நின்று உழைத்தல் கூடாதென்றும், எட்டு மணி நேரம் உழைப்பவனே நன்கு உழைப்பானென்றும் எடுத்துக்கூறி, அம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகள் அது நடந்தது. பிற ஆலைகள் பின்பற்றவில்லை. ஆகவே போட்டியிற் பிழைத்தல் அரிதென்று கூறி, கார்னெகியார் 1888-இல் மீண்டும் பன்னிரண்டு மணி நேர வேலையைப் புகுத்தினார். எதிர்த்தவர்கள் மாதக்கணக்கில் வேலையிழந்து நின்று, முடிவில் உடன்பட்டனர். அடுத்த ஆண்டு, 1889-இல், அதே பிராடாக்கில், அமெரிக்காவில் அவர் கட்டிய முதல் நூல்நிலையம் திறக்கப்பட்டது. கீழறையில் தொழிலாளர் நீராடுதற்குக் குளியலறைகளும் இருந்தன. நல்ல கட்டடம், இன்றும் நிற்கின்றது.

எமது ஆராய்ச்சியின் நடுவிடம் இதுவேயாம். போட்டி அவரைக் கட்டியிருந்தது என்பதை யாம் மறுக்கவில்லை. ஒரு முதலாளி மட்டும் எட்டு மணி நேரம் வைத்து, மற்றவர் பன்னிரண்டு வைத்தால், முன்னவர் சரக்குக்கு விலை கட்டாது என்பது வாணிகம் அறிந்த எவர்க்கும் விளங்கும். ஆயினும், உழைப்பவனுக்கு நான்கு மணி நேரம் விட்டுக்கொடுக்க இடந்தராத போட்டி, அவனுக்கு நூல்நிலையம் கட்டிக்கொடுக்க மட்டும் இடந்தந்தது எவ்வாறு? கூலி என்பது இலாபம் காணுமுன் செலவுப் பக்கத்தில் எழுதப்படுவது. தருமம் என்பது இலாபம் கண்டபின் எழுதப்படுவது. முன்னதைக் குறைப்பது திறமை. பின்னதைக் கூட்டுவது பெருமை. ஒரே மனிதர் ஒரே ஊரில் இவ்விரண்டையும் செய்து, இரண்டிலும் தமக்குக் குற்றமில்லை யென்று நம்புதல் கூடும். கார்னெகியாரை வஞ்சகரென்று யாம் சொல்லவில்லை. அவர் மனப்பூர்வமாகவே நம்பினார்.

அந்நம்பிக்கையை அவர் மறைத்தவருமல்லர். அதே 1889-இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றிற் செல்வத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பெருஞ்செல்வத்தை மக்களுக்கு விட்டுச்செல்லுதல் அவர்களைக் கெடுக்கும். இறக்கும்போது தருமத்திற்கென்று எழுதி வைத்தல், கொண்டுபோக முடியாததைக் கொடுப்பதேயாம். ஆகையால் உயிரோடிருக்கும்போதே தம் கையால் பொதுநலத்திற்குச் செலவிட வேண்டும். செல்வனாகவே இறப்பவன் இழிவடைகின்றான் என்பன அதன் கருத்துக்கள். பெருஞ்செல்வர் இறந்தபின் அவர் சொத்தில் அரசினர் மிகுதியாக வரி எடுப்பது நன்றென்றும் எழுதினார். இவையனைத்தும் உயர்ந்தனவே. ஆனால் அக்கட்டுரையில் மற்றொன்றும் உண்டு. அப்பொருளைச் சிறுசிறு தொகைகளாகப் பலர்க்கும் பங்கிட்டிருந்தால், உண்டியிலும் களியாட்டத்திலும் வீணாகியிருக்கும். திரட்டி ஒருவர் கையில் வைத்து, அறிவுடையார் ஒருவர் பொதுநலத்திற் செலவிடுவதே மேல் என்றார். அதாவது, கூலியாகப் போயிருக்கக்கூடியது தருமமாகப் போவதே அக்கூலிக்காரனுக்கும் நன்மை என்பதாம்.

மூன்றாண்டில் அக்கொள்கைக்குச் சோதனை வந்தது. ஹோம்ஸ்டெட் என்னும் ஊரில் இருந்த அவரது ஆலையில், எஃகின் சந்தை விலையோடு இணைத்துக் கூலி கணக்கிடப்பட்டு வந்தது. விலை எவ்வளவு தாழ்ந்தாலும் டன்னுக்கு 25 டாலருக்குக் கீழ்க் கணக்கிடக் கூடாதென்பது அப்போதிருந்த ஒப்பந்தம். 1892-ஆம் ஆண்டு ஜூன் மாத முடிவில் அது காலாவதியாகவே, நிர்வாகத் தலைவர் பிரிக் என்பவர் அவ்வரம்பை 22 டாலராக இறக்க வேண்டுமென்றார். தொழிலாளர் சங்கம் இணங்கவில்லை. அதற்கு ஆறாண்டுக்கு முன்னர்த்தான், தொழிலாளர் சங்கம் கூடுதல் அவர்கள் உரிமையென்றும், வேலைநிறுத்தஞ் செய்பவன் இடத்திற் பிறரை அமர்த்துதல் தகாதென்றும் கார்னெகியார் எழுதியிருந்தார். இம்முறையோ, அவ்வாலை இனிச் சங்கத்தோடு உறவு கொள்ளாதென்று ஓர் அறிவிப்பைத் தாமே எழுதிப் பிரிக் கையிற் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் கோடைக்கு ஸ்காட்லாந்து சென்றார். பிரிக் ஆலையைச் சுற்றி உயர்ந்த வேலி எடுத்தார்; கதவடைத்தார். ஜூலை மாதம் 6-ஆம் நாள் வைகறையில் பிங்கர்ட்டன் கம்பெனியின் கூலிப்படையினர் 300 பேர் இரண்டு படகுகளில் ஆற்றின் வழியே வந்திறங்க முயன்றனர். கரையில் ஊரார் திரண்டனர். பகல் முழுதும் துப்பாக்கிச் சண்டை நிகழ்ந்தது. இருதிறத்தும் பத்துப் பேர் அளவில் மடிந்தனர். சில நாளில் மாகாணத்துப் படையினர் 8,500 பேர் வந்து ஊரைக் கைக்கொண்டனர். நவம்பரில் வேலைநிறுத்தம் தோல்வியுற்றது, சங்கம் அழிந்தது. கார்னெகியார் அக்காலமெல்லாம் மலைநாட்டில் இருந்தார். தம் வாழ்நாளில் இதனினும் தம்மை வருத்தியது பிறிதில்லை யென்று பின்னர்ப் பலமுறை வருந்தினார். ஆனால் குறைத்த கூலியை உயர்த்தினாரில்லை. 1898-இல் ஹோம்ஸ்டெட்டிலும் அவர் கொடுத்த நூல்நிலையம் திறக்கப்பட்டது.

சிறு தொகைகள் வீணாகும் என்றாரே, அவை உண்மையில் எங்கே போயின? மார்கரெட் பையிங்டன் என்னும் அம்மையார் ஹோம்ஸ்டெட்டில் தொண்ணூறு குடும்பங்களின் வரவுசெலவை வாரவாரம் குறித்து, 1910-இல் நூலாக வெளியிட்டார். வாடகை, ரொட்டி, இறைச்சி, கரி, துணி. ஆலையில் கணவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் அடக்கத்திற்காவது ஆகுமென்று கட்டிய காப்புறுதிப் பணம். இவையே அச்சிறு தொகைகள். இவற்றுள் வீணென்று ஒதுக்கத்தக்கது யாதென்று எமக்குத் தோன்றவில்லை. இரண்டு வாரத்துக்கொரு முறை, பகல் முறையும் இரவு முறையும் மாறும்போது, இடைவிடாமல் இருபத்துநான்கு மணி நேரம் உழைத்துவிட்டு வருபவன் நூல்நிலையத்திற்குச் செல்வானா, கட்டிலுக்குச் செல்வானா என்பதையும் நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இதைப் படிக்கும் நேயர் சிலர், நம் வணிகர் கடைகளில் எடுத்துவரும் மகமையை நினைப்பர். யாமும் நினைத்தோம். மூட்டைக்கு இவ்வளவென்று எடுக்கப்படும் மகமை, வியாபாரம் நடக்கும்போதே, இலாப நட்டம் பாராது எடுக்கப்படுவது. அதைச் செலவிடுதல் ஒருவர் மனம்போனபடி அன்று, கூடியிருந்து முடிவு செய்யப்படுவது. இவ்வளவில் அது கார்னெகியாரின் முறையினும் மேலானதே. ஆனால் மகமையையும் விலையோடு சேர்த்துக் கொடுப்பவன் பலகால் சரக்கு வாங்குபவனே யன்றோ? அம்மூட்டையைச் சுமந்து இறக்குபவனுக்கு அக்கூட்டத்தில் ஆசனம் உண்டா? பள்ளிக்கூடச் சுவரிற் பதித்த கல்லில் அவன் பெயர் எங்கேனும் காணப்படுகின்றதா? அயல்நாட்டார் குற்றத்தை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ள எம் மனம் ஒப்பவில்லை.

1901-இல் கார்னெகியார் தம் கம்பெனியை மார்கன் என்னும் பெரும் லேவாதேவிக்காரரிடம் 48 கோடி டாலருக்கு விற்றார். அவர் பங்கு மட்டும் ஏறக்குறைய 22½ கோடி; அனைத்தும் 5 சதவிகித வட்டி தரும் கடன்பத்திரங்கள். விற்றவுடன் அவர் செய்தது, ஆலைகளிற் காயமுற்றோர்க்கும், மாண்டார் குடும்பங்கட்கும், முதியோர்க்கும் உதவுதற்கென 40 லட்சம் டாலர் ஒதுக்கியதாகும். இதை யாம் மனமாரப் பாராட்டுகின்றோம். தம் செல்வத்தின் மிகுதிக்குக் காரணமாயிருந்தோர்க்குச் செய்யவேண்டிய முதற்கடன் அதுவே என்று அவரும் கருதினார். ஆனால் கடனென்று அவர் உணர்ந்தது, கணக்குப் புத்தகத்தை மூடிய பின்னரே.

அதன்பின் கொடைகள் பெருவெள்ளமாய்ப் பாய்ந்தன. பிட்டன்கிரீப் தோட்டத்தையே 1902-இல் விலைக்கு வாங்கி, டன்பர்ம்லின் ஊராருக்கு என்றும் திறந்திருக்குமாறு உரிமையாக்கினார். அதனினும் தமக்கு மகிழ்ச்சி தந்த கொடை வேறில்லை என்றார். வேலிக்கு வெளியே நின்ற சிறுவனை நினைத்தால் அது வியப்பன்று. ஸ்காட்லாந்துச் சர்வகலாசாலைகட்கு 1 கோடி டாலர்; ஹேக் நகரத்துச் சமாதான மாளிகைக்கு 15 லட்சம்; 1911-இல் நிறுவிய கார்னெகி நிதிக்கு 12½ கோடி. உலகெங்கும் அவர் பொருளால் எழுந்த நூல்நிலையங்கள் 2,509. கட்டடம் மட்டுமே அவரது. நிலத்தை ஊரார் தரவேண்டும், ஆண்டுதோறும் கொடையிற் பத்திலொரு பங்கை வரியாகத் திரட்டிப் புத்தகத்திற்கும் சிப்பந்திகட்கும் செலவிடவேண்டும் என்பது நிபந்தனை. ஊராரைச் சும்மா இருக்கவிடாத இந்நிபந்தனை மிகச் சிறந்ததென்பது எம் துணிபு. ஆயினும் எல்லா ஊரும் கைநீட்டவில்லை. மேற்கு வர்ஜீனியாவிலுள்ள வீலிங் நகரத்தார், ஹோம்ஸ்டெட்டை மறவாத தொழிலாளர் சங்கத்தாரின் தூண்டுதலால், 1904-இல் வாக்கெடுத்து அக்கொடையை மறுத்து, பின்னர்த் தம் பொருளாலேயே நூல்நிலையம் அமைத்துக்கொண்டனர். அவர்கள் செய்தது அறிவின்மையென்று அன்று பலர் நகைத்தனர். யாம் நகைக்கமாட்டோம்.

இங்ஙனம் எழுதி வந்த எமக்கு, நம் நாட்டு விஷயமொன்று குறுக்கே வந்து நிற்கின்றது. செம்மார் மகன் ஹென்றி பிப்ஸ், கார்னெகியாரின் கூட்டாளியாகி, அக்கம்பெனியில் அவருக்கடுத்த பெரும் பங்குதாரராயிருந்தவர். அவர் கர்ஸன் பிரபுவிடம் இந்தியாவின் நன்மைக்கென்று கொடுத்த பொருளைக்கொண்டு, பீஹார் பகுதியிலுள்ள பூசாவில் விவசாய ஆராய்ச்சிச் சாலை எழுந்தது. அக்கொடையில் ஒரு பகுதி நம் நீலகிரியிற் குன்னூருக்கு வந்து, 1907-இல் திறந்த பாஸ்டர் நிலையத்திற்குப் பயன்பட்டது. அதற்குமுன் தென்னாட்டில் வெறிநாய் கடித்தவன் மருந்துக்காக இமயத்தடியிலுள்ள கசௌலிக்குப் போகவேண்டும். போய்ச் சேருமுன் நோய் முற்றினால் விதியென்று விடவேண்டும். குன்னூர் மருந்தால் உயிர் பிழைத்த தமிழர் எத்தனையோ பேர். அவர்கள் உடலில் ஏறிய மருந்தில் ஹோம்ஸ்டெட் தொழிலாளியின் வியர்வையும் ஒரு துளி உண்டு. அந்நிலையம் எழாதிருந்திருக்கலாமென்று சொல்ல எமக்கு நாவெழவில்லை. அப்பொருள் தூய வழியில் வந்ததென்று சொல்லவும் நாவெழவில்லை. கடித்த நாய்க்கு மருந்து வேண்டி வந்த ஏழையிடம், இது யார் உழைப்பில் எழுந்தது தெரியுமாவென்று கேட்பது கொடுமை. கேட்கப்பட வேண்டியவர் கொடுத்தவரும், கொடைக்காக அவர் வாயிலில் நிற்கும் எம்போல்வாருமே.

1915-இல், முதலாளி தொழிலாளர் உறவை ஆராய அமெரிக்க அரசினர் அமைத்த குழுவின்முன் கார்னெகியார் வந்து சாட்சி சொன்னார். செல்வர்களின் அறநிதிகள் நாட்டின்மேற் செல்வாக்குச் செலுத்துகின்றனவோ என்பது அக்குழு ஆராய்ந்த பொருள்களில் ஒன்று. முதியவர் களிப்போடு பேசினார், கேட்டவர் நகைத்தனர், கேள்வியோ அப்படியே நின்றது. சமாதானத்திற்கென்று அவர் கொட்டிய கோடிகளைப் பொருட்படுத்தாது 1914-இல் மூண்ட மகாயுத்தம் அவர் உள்ளத்தை உடைத்துவிட்டிருந்தது. 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாகாணத்தில் லெனாக்ஸ் என்னுமிடத்தில் உயிர்நீத்தார். அதுவரை அவர் ஈந்தது சுமார் 35 கோடி டாலர். செல்வனாக இறவேன் என்ற சொல்லைப் பெரிதும் காத்துக்கொண்டவர் என்றே கூறவேண்டும்.

அவர் விற்ற ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலை 1923-இல் ஒழிந்தது. ஹோம்ஸ்டெட்டில் 1892-இல் மடிந்த தொழிலாளர்க்கு, எஃகுத் தொழிலாளர் சங்கத்தார் 1941-இல் ஒரு கல் நாட்டினர். அதற்கான பொருளை அவர்கள் தம் கூலியிலிருந்து கொடுத்தனர்.